தொரப்பள்ளி ஆச்சாரியாரும் நமது ஜில்லா உழைப்பாளிகளும்

சென்ற மாதம் தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் ஒன்று நடந்தது. வெள்ளைக் கதர் ஜிப்பா போட்ட பெரியவர் ஒருவர் பேசினார். பொருள், மூதறிஞர் ராஜாஜி. "இந்த மண் பெற்ற மாமேதை அவர். அரை நாள் படிப்பு, அரை நாள் கைத்தொழில் என்று அன்றே சொன்னார், கேட்டீர்களா? கேட்டிருந்தால் இன்று வேலையில்லாத் திண்டாட்டம் உண்டா? தொழில் நடத்துகிறவனைச் சட்டம் போட்டுக் கட்டாதே என்று சொன்னார், கேட்டீர்களா?" என்று அடுக்கிக்கொண்டே போனார். முன் வரிசையில் நல்ல கைதட்டல். பின் வரிசையிலும் தட்டினார்கள் என்பதுதான் நமக்கு வருத்தம். பின் வரிசையில் இருந்தவர்கள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போய்விட்டு வாரக் கடைசியில் ஊர் திரும்பிய மில் தொழிலாளிகள்.

அவர்களில் இருவர் மறுநாள் காலை நமது ஆபீசுக்கு வந்தார்கள். "தோழரே, நம்ம ஜில்லாக்காரர். ஜெயிலுக்குப் போனவர், கை சுத்தமானவர். அவரைப் போய் நாம் ஏன் இத்தனை காலமாகத் திட்டுகிறோம்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாமும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று டீ ஆறிப் போகிற வரை பேசியதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10 அன்று ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் கிராம முன்சீப் மகனாகப் பிறந்தார். அன்று அது சேலம் ஜில்லா. 1965 முதல் தருமபுரி ஜில்லா. 2004க்குப் பிறகு கிருஷ்ணகிரி. 1900ல் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார், பெரும் பணம் சம்பாதித்தார், 1917ல் சேலம் நகரசபைத் தலைவரானார். காந்தியின் அழைப்பு வந்ததும் அந்த வருமானத்தை உதறினார். வேலூர் சிறையில் இருந்தார். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் 100 தொண்டர்களோடு நடந்து போய் உப்பு எடுத்தார். போலீஸ் தடியடியை மீறி வழியெல்லாம் ஜனங்கள் அந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டார்கள். இதையெல்லாம் மறைத்துப் பேசுகிறவன் பொய்யன். லஞ்சம் வாங்கினார், சொத்துச் சேர்த்தார் என்றும் எவனும் சொல்ல முடியாது. சுத்தமான கைதான். அந்தக் கை எந்தெந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது என்பதை மட்டும் பார்ப்போம்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியானார். அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. இந்தியாவிலேயே முதலில் வந்த ஜில்லா நம்முடையது. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அதில் அடக்கம். கள்ளுக்கடை மூடியதும் கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிந்தது, பெண்கள் வாழ்த்தினார்கள். அது உண்மை. ஆனால் கள்ளு வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை எதைக் கொண்டு அடைத்தார்? ஜமீன்தார்கள் மேல் வரி போட்டா? 1939ல் விற்பனை வரி கொண்டுவந்தார். கடைக்காரன் கட்டினான் என்பது ஏட்டில். கடைக்காரன் யார் தலையில் ஏற்றுவான் என்பது கடைக்குப் போகிற பெண்களுக்குத் தெரியும். குடி வரியை எடுத்து அரிசிப் பானைக்கு மாற்றிய கதை இது.

1938ல் விவசாயக் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வட்டிக்காரன் கழுத்தைப் பிடித்த சட்டம் என்று இன்றும் பாராட்டுகிறார்கள். பழைய வட்டியைத் தள்ளினார், நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் யாரை விவசாயி என்று சொன்னது? விற்கக்கூடிய உரிமையோடு நிலம் வைத்திருப்பவனை. நிலம் உள்ளவனின் கடன் குறைந்தது. அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவன், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பண்ணையிடம் கை நீட்டித் தலைமுறையையே அடகு வைத்தவன், சட்டத்தின் கண்ணில் விவசாயியே அல்ல! ஜமீன் விஷயத்திலும் இப்படித்தான். பிரகாசம் தலைமையில் கமிட்டி போட்டார்கள், 1938ல் அறிக்கை வந்தது, அது அலமாரிக்குப் போயிற்று. 1939 அக்டோபரில் மந்திரிசபையும் போயிற்று. ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர 1948 ஆயிற்று. அப்போது மந்திரிசபை வேறு.

இன்னொன்று. அன்னிய சர்க்கார் வைத்திருந்த கொடுஞ்சட்டங்களைக் காங்கிரஸ் மேடையில் கிழித்துப் போட்டவர்கள், மந்திரியானதும் அதே சட்டங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1937லேயே காங்கிரஸ் சோஷலிஸ்ட் பாட்லிவாலா மேல் ராஜத்துரோக வழக்கு. நேருவே இதைக் கண்டு கசந்து போனார். 1938ல் 125 பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு. எதிர்த்து மறியல் செய்தவர்கள் மேல் கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939ல் சிறைவாசத்திலேயே நோயுற்று மாண்டார்கள். இந்த மனிதரே 1965ல் இந்தித் திணிப்பு கூடாது என்று எழுதினார், பேசினார். மனம் மாறுவது குற்றமல்ல. மாறுவதற்குள் இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

1942 பற்றியும் நம்மிடம் கேட்டார்கள். ஆகஸ்ட் போராட்டத்தை எதிர்த்துக் காங்கிரசை விட்டு வெளியேறினாரே என்று. ஆமாம், எதிர்த்தார். கம்யூனிஸ்டுகளும் அன்று அதில் சேரவில்லை. காரணம் வேறு, நாஜிகளின் படை சோவியத் மண்ணில் நின்ற நேரம் அது. அதற்காக நாம் வாங்கிய ஏச்சு இன்றும் தீரவில்லை. ஆகவே அந்த ஆண்டை வைத்து ஆச்சாரியார் மேல் கல்லெறிய நாம் தயாராக இல்லை. அவர் மட்டும் அந்தக் கல்லடியிலிருந்து எழுந்து நாலே வருஷத்தில் மத்திய மந்திரியானார், 1947ல் வங்காள கவர்னரானார், 1948 ஜூனில் கவர்னர் ஜெனரலாகி வைஸ்ராய் மாளிகைக்குக் குடி போனார். 1948 மார்ச்சில் வங்காளத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டபோது அங்கே கவர்னர் அவர்தான். முடிவு மந்திரிசபையுடையது, கவர்னர் நாற்காலியில் இருந்தவர் இவர். இந்த அளவுக்கு மேல் நாம் ஏற்றிச் சொல்ல மாட்டோம்.

1950 பிப்ரவரி 11ம் இப்படியே. சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டார்கள். 22 தோழர்கள் மாண்டார்கள். சிலர் இதையும் ஆச்சாரியார் கணக்கில் எழுதுவதுண்டு, அது தப்பு. அன்று சென்னையில் ஆட்சி குமாரசாமி ராஜாவுடையது. ஆச்சாரியார் டெல்லியில் பதவியிலிருந்து இறங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. அவர் கணக்கில் எழுத வேண்டியது அதற்கு அடுத்த வருஷம். 1951ல் உள்நாட்டு மந்திரியாக இருந்து, விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து அடைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தின் ஆயுளை நீட்டியவர் அவர். பத்திரிகைகளின் வாயைக் கட்ட ஆட்சேபகரமான விஷயங்கள் சட்டம் கொண்டுவந்தவரும் அவரே. உப்பு அள்ளிய கை!

இனி 1952. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று நாட்டில் நடந்த முதல் பொதுத் தேர்தல். சென்னைச் சட்டசபைக்கு 375 இடங்கள். காங்கிரஸ் பெற்றது 152. கம்யூனிஸ்டுகள் 62. ஜனங்கள் காங்கிரசுக்கு மெஜாரிட்டி தரவில்லை. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஐக்கிய முன்னணி அமைத்து, ஆட்சி அமைக்க எங்களை அழையுங்கள் என்று கேட்டன. கவர்னர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலில் நிற்காத, ஒரு ஓட்டுக்கூடக் கேட்காத ராஜாஜியை மேல்சபைக்கு நியமனம் செய்து, ஏப்ரல் 10 அன்று முதன் மந்திரியாக உட்கார வைத்தார். பிறகு மெஜாரிட்டி தேடும் படலம். வடஆற்காட்டுப் பொதுநலக் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கருக்கு மந்திரி பதவி. காங்கிரசைத் தோற்கடிக்க ஓட்டு வாங்கிப் போனவர் காங்கிரஸ் மந்திரிசபையில்! இன்று சட்டசபை உறுப்பினர்களை பஸ்ஸில் ஏற்றிச் சொகுசு விடுதியில் அடைக்கிறார்களே என்று நம்மவர்கள் சிரிக்கிறார்கள். அந்த வித்தைக்குப் பள்ளிக்கூடம் திறந்தது எந்த ஆண்டு என்று இப்போது தெரிகிறதா?

தோழர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார். நியமனம் செல்லாது என்று வழக்காடினார். மனு தள்ளுபடியாயிற்று. ஆச்சாரியாரோ சட்டசபையில் எழுந்து நின்று, கம்யூனிஸ்டுகளே, நான் உங்கள் முதல் எதிரி, நீங்கள் என் முதல் எதிரி என்று ஒளிவு மறைவில்லாமல் அறிவித்தார். இந்த ஒரு விஷயத்தில் அவரை நாம் மெச்சுகிறோம். இனிக்க இனிக்கப் பேசிக் கழுத்தறுக்கும் பேர்வழிகளை அதற்குப் பின் நிறையப் பார்த்துவிட்டோம்.

அந்த ஆட்சியில் நல்லது நடக்கவில்லையா? நடந்தது. ரேஷனும் தானியக் கட்டுப்பாடும் எடுக்கப்பட்டன. அந்த வருஷம் பெய்த மழையும் கை கொடுத்தது. வேட்டி சேலை நெசவு கைத்தறிக்கே என்று டெல்லியோடு வாதாடினார். சேலம் நெசவாளி அதை மறக்கவில்லை. 1952 ஆகஸ்டில் தஞ்சை ஜில்லாவுக்குப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் போட்டார். குத்தகைக்காரனையும் பண்ணையாளையும் நினைத்தபடி வெளியேற்றக் கூடாது, கூலி இவ்வளவு என்றது அந்தச் சட்டம். கம்யூனிஸ்டுகளின் முதல் எதிரிக்கு ஏன் இந்தக் கருணை? தஞ்சையில் பி. சீனிவாசராவும் மணலி கந்தசாமியும் சேரி சேரியாகச் செங்கொடி ஏற்றியிருந்தார்கள். சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் தலை குனிந்தவன் நிமிர்ந்து நின்றுவிட்டான். அதுதான் காரணம். வேறு ஜில்லாக்களில் பண்ணையாள் இல்லையா? நமது சேலம் ஜில்லாவில் ஆள்காரன் இல்லையா? இருந்தான். சங்கம் இல்லை, சட்டமும் வரவில்லை. விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

இப்போது மண்டபத்துப் பேச்சாளர் உருகிய அந்த அரை நாள் படிப்புக்கு வருவோம்.

1953 ஜூனில் புது ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பது. ஒவ்வொரு பிரிவுக்கும் தினம் மூன்று மணி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் வீட்டுக்குப் போய்த் தகப்பன் தொழிலைப் பழகு. பணமில்லை, கட்டடமில்லை, வாத்தியார் போதாது. இருக்கிற வாத்தியாரைக் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று காரணம் சொன்னார். பணமில்லை என்பது பொய்யல்ல. ஆனால் பணமில்லாத கஷ்டத்தை யார் தலையில் வைத்தார்? திட்டம் கிராமப் பள்ளிகளுக்கு மட்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள் படிப்பு. வக்கீல் மகன் முழு நாள் படிப்பான், சவரத் தொழிலாளி மகன் அரை நாள் படித்து அரை நாள் கத்தி தீட்டுவான். குயவன் மகன் சக்கரம் சுற்றுவான். தாழ்த்தப்பட்டவன் மகன்? அவன் தகப்பன் தொழிலாக இந்தச் சமுதாயம் எதை ஒதுக்கி வைத்திருந்தது என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. தொரப்பள்ளி முன்சீப்பின் மகன் அரை நாள் படித்துவிட்டு மீதி நேரம் கிராமக் கணக்கு எழுதப் பழகியிருந்தால் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கும் சென்னைச் சட்டப் படிப்புக்கும் போயிருப்பாரா? தமக்கு வேண்டாத மருந்தை ஊருக்கு எழுதிக் கொடுத்த வைத்தியர் அவர்.

குலக்கல்வி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். திராவிடர் கழகம் எதிர்த்தது, தி.மு.க. எதிர்த்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே கொதித்தார்கள். 1953 ஜூலையில் சட்டசபையில் ஓட்டெடுத்தபோது இரு பக்கமும் சரிசமமாக நின்று, சபாநாயகரின் ஓட்டால்தான் அரசாங்கத்தின் மானம் தப்பிற்று. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் போனார், காமராஜர் வந்தார். மே மாதம் திட்டம் குப்பைக்குப் போயிற்று.

செத்த பாம்பை ஏன் அடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். செத்ததா? 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. 18 தொழில்கள், "குடும்ப வழிப் பாரம்பரியத் தொழில்" என்ற நிபந்தனை, பதினெட்டு வயதிலேயே சேரலாம். காலேஜுக்குப் போக வேண்டிய வயதில் கையில் உளியும் கத்தியும் கொடுத்துக் கடனும் கொடுக்கிற திட்டம். இந்த வடிவத்தில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு அரசு 2024ல் எழுதியது. உதவி செய்வதானால் செய்யட்டும். தகப்பன் என்ன வேலை செய்தான் என்ற கேள்வி அதில் எதற்கு?

பேச்சாளரின் இரண்டாவது பாட்டு, தொழில் நடத்துகிறவனைக் கட்டாதே என்பது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவு விவசாயம், நில உச்சவரம்பு என்று தீர்மானம் போட்டது. போட்டதோடு சரி, செய்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கே ஆச்சாரியாருக்குப் பொறுக்கவில்லை. 80 வயதில் சுதந்திராக் கட்சி கட்டினார். யார் வந்து சேர்ந்தார்கள்? டாட்டா கம்பெனியில் பணியாற்றிய மினு மசானி, ராம்கர் ராஜா, ஜெய்ப்பூர் மகாராணி. ஜமீன் போன ஜமீன்தாரும் சமஸ்தானம் போன மன்னர்களும் ஒரே பந்தியில்! பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் ஒழிக என்று கோஷம். லைசென்சை வைத்துக் காங்கிரஸ்காரர்கள் காசு பார்த்தது நிஜம், பெருமுதலாளிகளே லைசென்சுகளைச் சுருட்டிக்கொண்டதும் நிஜம், நாமும் கத்தினோம். ஆனால் அவர் கேட்ட சுதந்திரம் யாருடைய சுதந்திரம்? நிலத்தை வைத்துக்கொள்ள நிலப்பிரபுவுக்கு, ஆளை வைக்கவும் தள்ளவும் ஆலை முதலாளிக்கு. எட்டு மணி நேர வேலையும் ஒரு லைசென்ஸ் தொந்தரவுதான் முதலாளிக்கு. 1967ல் லோக்சபையில் 44 இடம் பிடித்தது அந்தக் கட்சி; 1974ல் மறைந்தது. கட்சி போனாலும் கோஷம் போகவில்லை. 29 தொழிலாளர் சட்டங்களைச் சுருட்டி 4 தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்களே, அந்த மேடையில் பேசிய பேச்செல்லாம் 1959 பேச்சுத்தான். இங்கேயும் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் திரண்டதால் மே தினத்தன்று வாபஸ் ஆயிற்று.

1967ல் நீங்களே அவரோடு ஒரே அணியில் நிற்கவில்லையா என்று மண்டபத்துக்காரர் கேட்கலாம். நம்மிடம் வந்த மில் தொழிலாளித் தோழரே கேட்டார். நின்றது உண்மை. 1964ல் இயக்கம் பிளந்து, மார்க்சிஸ்டுகள் தி.மு.க. அணியில் இருந்தார்கள், சுதந்திராவும் அதே அணியில். சுதந்திரா 20 இடம் ஜெயித்தது, மார்க்சிஸ்ட் 11. காங்கிரசின் இருபது வருஷ ஆட்சியைத் தள்ள அன்று அப்படி அமைந்தது. அது சரியா தப்பா என்று தோழர்களுக்குள் இன்றும் வாதம் உண்டு. ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் ஒரே ஊருக்குப் போகிறவர்கள் அல்ல என்று நாம் பதில் சொன்னோம். அவர் முழுத் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி 1962ல் அந்தத் தள்ளாத வயதில் அமெரிக்கா போய் கென்னடியைப் பார்த்தாரே, அதை மட்டும் நாம் இருவருமே தயங்காமல் பாராட்டினோம். 1971ல் மதுவிலக்கைத் தளர்த்தியபோது மழையில் போய்க் கருணாநிதியிடம் வேண்டாம் என்று கேட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1972 டிசம்பர் 25 அன்று மறைந்தார்.

பிராமணர் என்பதால்தானே திட்டுகிறீர்கள் என்ற பழியும் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது, பாப்பாரப்பட்டியில். சுப்பிரமணிய சிவாவும் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யோடு நின்று முழங்கினார். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்ட தொழிலாளிகள் ஜெயித்தார்கள். சிவாவுக்குக் கிடைத்தது பத்து வருஷ தண்டனை, பிறகு ஆறாகக் குறைத்தார்கள். சிறையில் தொழுநோய் பற்றியது. ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்தது. நடந்தே ஊர் ஊராகப் போனார். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் மாண்டார். நாற்பது வயது. அவருக்கு எந்த மாளிகையும் கிடைக்கவில்லை. அந்தப் புண் பிடித்த கால்களை நினைத்து நம் மில் தொழிலாளி தலை வணங்குவான், ஜாதி கேட்க மாட்டான்.

கடைசியாக ஒன்று. அரை நாள் திட்டத்தை அன்று கேட்டிருந்தால் என்று அந்தப் பேச்சாளர் ஏங்கினார் அல்லவா? கேட்காமல் இல்லை. ஒரு வருஷம் நடந்தது. அதில் படித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அரூர் பக்கம் ஒரு கிராமத்தில், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் சந்தா வாங்கப் போனபோது, எண்பதை நெருங்கும் ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டோம்.

"ஆமாங் கண்ணு, நான் ரெண்டாங் கிளாசு. காலைல போவோம், மத்தியானத்துக்கு மின்னாடியே போங்கடீன்னு விட்டுருவாங்க. வூட்டுத் தொழிலப் பழகணுமாம். எங்க வூட்ல என்னா தொழில் இருந்திச்சு? பண்ணைக்காரங்க மாட்ட ஓட்டிக்கிட்டுப் போனேன். வருசத்துக்கு ஒரு பொடவ, தெனம் ரெண்டு வேள களி."

மறு வருஷம் மறுபடியும் முழு நாள் பள்ளி ஆகிவிட்டதே, போனீர்களா என்று கேட்டோம்.

"எங்க போறது? மாடு பழகிப்போச்சு. அவங்க வுடல. எங்கப்பனுக்கு அவங்க கிட்ட கடன் இருந்திச்சு."

சந்தா ரசீதுக் கட்டையில் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் தள்ளிவிட்டு, மை டப்பா இருக்கிறதா என்று கேட்டார்.